மஞ்சூரியனும் அன்னாசிப்பூவும்

காரைக்குடி வீட்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. பசங்க கேட்டாங்கன்னு சிக்கன் மஞ்சூரியன் பண்ணிட்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துட்டு, "சைனாக்காரன் சாப்பாடெல்லாம் எனக்கு வேணாம்ப்பா, மத்தியானம் வச்ச கோழிக் குழம்பு இருக்கு"ன்னுட்டாங்க. அந்தக் குழம்புல ஒரு அன்னாசிப்பூ மிதந்துட்டிருந்துச்சு. இந்தக் குறிப்பு அங்கேதான் ஆரம்பிச்சது.

முதல்ல மஞ்சூரியன் கதையை முடிச்சிடுவோம். மஞ்சூரியாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங், 1975-ல் பம்பாய் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் அதை முதலில் செய்தார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலா போடவேண்டிய இடத்தில் சோயா சாஸ் ஊற்றி, சோள மாவைக் கரைத்துவிட்டார். அவ்வளவுதான். வதக்கல் நம்ம ஊர் வதக்கல்.

இப்போ அம்மாவோட குழம்புக்கு வருவோம். சீனர்களின் பிரபலமான ஐந்து மசாலாப் பொடியில் வழக்கமாக என்னென்ன இருக்கும்? அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, அப்புறம் சிச்சுவான் மிளகு. எங்க வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாலு அப்படியே இருக்கு. அஞ்சாவதுக்குப் பதிலா நம்ம மிளகு. (இரண்டும் மிளகுன்னு பேர்தான், செடி வேற, குடும்பம் வேற.) கடையில் பட்டைன்னு வாங்குற தடிமனான பட்டையும் பெரும்பாலும் இலங்கைச் சுருள்பட்டை இல்லை, சீனா, வியட்நாம் பக்கத்து காசியாதான்.

அன்னாசிப்பூ மரத்துக்குத் தாய்வீடு தென்சீனாவும் வட வியட்நாமும். அங்கிருந்து காரைக்குடி அடுப்புக்கு எப்படி வந்தது? "கொண்டு விக்கப் போன நகரத்தார் கொண்டுவந்தது"ன்னு யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ரங்கூன், பினாங்கு, சைகோன் எல்லா இடத்திலும் அவர்களுக்குக் கடை இருந்தது. எனக்கு இது பாதிதான் சரின்னு படுது. மலையாளத்தில் இதுக்கு 'தக்கோலம்'னு தனிப் பேரே இருக்கு. பாரசீகத்தில் 'பாதியானே கத்தாயி', அதாவது சீனச் சோம்பு. பிரியாணி வழியாவும் இது இந்தியா முழுக்கப் பரவியிருக்கு. நகரத்தார் மட்டும்தான் கொண்டுவந்தாங்கன்னா இதெல்லாம் பொருந்தாது. ஆனா மத்த ஊர்ல விசேஷச் சமையலுக்குப் போடுறதை, இங்கே சாதாரணக் கோழிக் குழம்புக்கும் போடுறாங்களே, அந்தத் தாராளத்துக்குக் கப்பல் வியாபாரம் காரணமா இருக்கலாம்.

இன்னொண்ணு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் தங்கியிருந்தவர்களுக்கு நம்ம ஊர் சமையல்காரரே சமைத்துப் போட்டார். பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். அதனால அங்கத்திய பதார்த்தங்களைவிட, பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடிந்த பொருள்கள்தான் அதிகமா வந்து சேர்ந்தது. கவுணி அரிசியும் அப்படித்தான். பர்மிய மொழியில் ஒட்டரிசிக்கு 'கௌக்ஞின்'னு பேர். அதுதான் இங்கே வந்து கவுணி ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு ஒரு சோதனை பண்ணேன். சீனர்கள் சோயாவில் மெதுவாக வேகவைக்கிற முறை. அரைக் கிலோ கோழித்தொடை, மூணு கரண்டி சோயா சாஸ், ஒரு துண்டு வெல்லம், இஞ்சி, ரெண்டு அன்னாசிப்பூ, பட்டை, நாலு கிராம்பு, கொஞ்சம் சோம்பு. மூழ்குற அளவு தண்ணி ஊத்தி, சின்ன தீயில முக்கால் மணி நேரம். சோயாவில் உப்பு இருக்கு, தனியா போடக்கூடாது. பொரிக்கவும் இல்லை, சோள மாவும் இல்லை. மஞ்சூரியனைவிட இதுதான் உண்மையான சீனச் சமையலுக்குப் பக்கத்துல வரும்.

அம்மா தட்டுல ஒரு துண்டு வச்சேன். மோந்து பார்த்துட்டு சாப்பிட்டாங்க.

"சைனான்னே? நம்ம குழம்பு வாசம்ல அடிக்குது. காரந்தான் பத்தல."

பசங்க ரெண்டு பேரும் தொடவே இல்லை. மஞ்சூரியன் எங்கேன்னு கேட்டாங்க.