உண்ணாநோன்பும் உண்ணும் மருந்தும்

செஞ்சியை அடுத்த சிங்கவரத்துக்கு அருகில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் செதுக்கிய குன்று அது. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை, ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று அங்கே சொல்கிறது. உணவை விடுவது உடலையும் விடுவதே என்று அறிந்து அவர் நோற்றார்.

சிறுநீரகம் பழுதுற்றவரின் நிலை வேறு. அவர் வாழ விரும்புகிறவர். ஆனால் பருப்பும் பாலும் மீனும் தரும் புரதத்தோடு பாஸ்பரஸும் உடன்வருகிறது. வெளியேற வழியின்றித் தேங்கும் பாஸ்பரஸ் எலும்பையும் இரத்தக் குழாயையும் கெடுக்கிறது. டயாலிசிஸ் அதில் ஒரு பகுதியையே நீக்கும். உணவைக் குறைத்துக்கொண்டே போனால் உடல் தேயும். ஆகவே, உண்டதைக் குடலிலேயே மறிக்கும் மருந்து தேவைப்பட்டது.

அவ்வரலாற்றில் தமிழர் அறிந்த ஒரு மருத்துவரும் வருகிறார். 1984இல் எம்.ஜி.ஆருக்கு அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சை அளித்த ஈலை ஃப்ரீட்மன்தான் அவர். அதற்கும் முன்பே, 1970களில், டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கரித்தூளையும் ஆக்சிஜனேற்றிய மாவுச்சத்தையும் உண்ணக் கொடுத்து அவர் ஆராய்ந்தார். கழிவுப்பொருள்களைக் குடலில் பிடித்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. இரத்தக் கொழுப்பும் குறைந்ததை அவர் குழு பதிவு செய்தது. எம்.ஜி.ஆருக்கு நடந்த சிறுநீரக மாற்று சிகிச்சையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இந்தக் கரித்தூளை அறிந்தவர் சிலரே.

பாஸ்பரஸைப் பிடிக்க அக்காலத்தில் அலுமினிய மருந்துகளே பெரிதும் பயன்பட்டன. அலுமினியம் உடலில் சேர்ந்து எலும்பையும் மூளையையும் தாக்குவது தெரிந்ததும் சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் வந்தன. அவை மிகுந்தால் இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியக்கூடும் என்ற கவலையும் பிறகு வந்தது.

1998இல் அமெரிக்காவில் செவெலமர் அனுமதி பெற்றது. இரத்தத்தில் கலக்காத பிசின் போன்ற பொருள் இது. குடலில் பாஸ்பேட்டைப் பற்றுகிறது. பித்த அமிலங்களையும் பற்றி மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலத்தை மீண்டும் ஆக்கக் கல்லீரல் கொலஸ்டிராலைச் செலவிடுவதால் அதுவும் குறைகிறது. எனினும் 2007இல் வெளியான, 2,103 நோயாளிகளை ஆராய்ந்த ஆய்வில், சுண்ணாம்பு மருந்து உண்டவர்களைவிட இதை உண்டவர்கள் ஒட்டுமொத்தமாகக் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

இம்மருந்தை வெறும் வயிற்றில் உண்டு பயனில்லை. சோற்றோடுதான் உண்ண வேண்டும். நோன்பின் நேர்மறுதலை இது. உண்டு வாழ விரும்புகிறவருக்கு உணவைத் தடுக்காமல், உணவிலுள்ள கேட்டை மட்டும் தடுக்க மனிதர் செய்த முயற்சியாகவே இவ்வரலாற்றை நாம் காண்கிறோம்.