கஸ்ஸாலி இமாம் கற்ற பாடம்

கல்முனையிலிருந்து கிட்டங்கிப் பாலத்தைக் கடந்து சென்றால், வயல்வெளிகளுக்கு நடுவே சவளக்கடை வரும். அங்கு வாழும் பழைய நண்பர் ஒருவரைக் காணச் சென்றபோது அவர் கவலையோடிருந்தார். உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' கற்று, கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கும் அவரது மகள், மெய்யியலைச் சிறப்புப் பாடமாகப் பயில விரும்புகிறாள். "மெய்யியல் படித்தால் ஈமான் என்னாகும்? கஸ்ஸாலி இமாமே அதைக் கண்டித்துத்தானே எழுதினார்?" என்று கேட்டார் நண்பர்.

அன்று அவருக்குக் கூறியதை, இத்துறைக்குப் புதியவர்களான வாசகர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

வட்டவிதானை வாய்க்கால் நீரைப் பங்கிடுகிறார். அனைவருக்கும் சமமாகக் கொடுப்பது நீதியா, தேவையறிந்து கொடுப்பது நீதியா? இது ஒழுக்கவியலின் கேள்வி. இரவில் யாரோ நீரைத் திருப்பிவிட்டார் என்கிறோம். அதனைக் கண்டோமா, ஊகித்தோமா, பிறர் சொல்லக் கேட்டோமா? இதனை ஆராய்வது அறிவாராய்ச்சியியல். அந்த ஊகம் பிழையற்றதா எனச் சோதிப்பது அளவையியல். நீர்தான் பயிரை வளர்க்கிறதா, காரணம் என்பது உண்மையில் என்ன, உலகுக்குத் தொடக்கம் உண்டா என்ற வினாக்கள் பௌதிகவதீதத்தைச் சேர்ந்தவை. (தமிழகத்தார் இதனை மீவியற்பியல் என்பர். இரண்டு சொற்களுமே மாணவரை மிரட்டுபவைதாம்!) வயலில் பாடும் நாட்டார் கவி ஏன் இனிக்கிறது எனக் கேட்டால், அது அழகியல்.

இவை மேனாட்டு இறக்குமதி என்று கருதுவோர் மணிமேகலையைப் புரட்டிப் பார்க்கவேண்டும். அதன் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, அறிவைப் பெறும் வழிகளான அளவைகள் பத்து, எட்டு, ஆறு என ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுவதை விளக்குகிறான். கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்கும் பூதவாதியை, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகிறாள் மணிமேகலை. 29ஆம் காதையில் அறவண அடிகள் காட்சி, கருத்து என்னும் இரண்டு அளவைகளை மட்டுமே வைத்து, மலைப்புகையிலிருந்து நெருப்பை உய்த்துணரும் முறையைக் கற்பிக்கிறார். இளம்பெண் என்றால் எவரும் தத்துவம் உரைக்கமாட்டார்கள் என்பதால், அவள் ஆண் தவசியின் வடிவில் சென்றே சமயவாதிகளிடம் கேட்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னபோது நண்பரின் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நண்பர் இளமையில் சில ஆண்டுகள் மத்ரஸாவில் ஓதியவர். தருக்கத்தில் என்ன கிதாபு ஓதினீர்கள் என்று வினவினேன். "ஈசாகூஜி" என்றார். 13ஆம் நூற்றாண்டில் அல்-அப்ஹரி எழுதிய சிறுநூல் அது. அப்பெயர் அரபுச் சொல்லே அன்று. தீர் நகரத்தவரான போர்பிரி 3ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய 'ஈசாகோகே' என்ற நூலின் பெயரே அரபு உருப்பெற்றது. அதன் பொருள் 'அறிமுகம்'. மகள் கற்க விரும்புவதன் முதற்பாடத்தை வாப்பா எப்போதோ ஓதி முடித்துவிட்டார்!

இனி இமாமிடம் வருவோம். கஸ்ஸாலி (1058-1111) பக்தாதில் முந்நூறு மாணவருக்குக் கற்பித்துக்கொண்டே, ஓய்வு நேரங்களில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தத்துவ நூல்களைத் தாமாகவே பயின்றார். ஒரு துறையை முற்றக் கல்லாமல் அதனை மறுப்பது குருட்டுத்தனம் என்பது தன்வரலாற்றில் அவர் தரும் காரணம். அதன் பின்னரே 'தஹாபுத்துல் பலாஸிபா' எழுதப்பட்டது. தத்துவவாதிகளின் இருபது விடயங்களை எடுத்துக்கொண்டு, மூன்றை மட்டுமே இறைமறுப்பு என்றார்: உலகம் அநாதியானது, இறைவன் தனித்தனிப் பொருள்களைத் தனித்தனியே அறியான், மறுமையில் உடல் எழுப்பப்படாது என்பன அவை. அளவையியலை அவர் விலக்கவில்லை. தமது சட்டவியல் நூலான 'அல்-முஸ்தஸ்பா'வின் முன்னுரையிலேயே அதற்கு இடமளித்தார்.

பஞ்சைத் தொடும் நெருப்பே அதை எரிக்கிறது என்பது கட்டாயமன்று, இரண்டும் அடுத்தடுத்து நிகழ்வதையே நாம் காண்கிறோம் என்றும் அவர் வாதிட்டார். ஆறரை நூற்றாண்டுக்குப் பின் இதையொத்த ஐயத்தை ஸ்கொட்லாந்தின் ஹியூம் எழுப்பினார். கஸ்ஸாலிக்கு மறுப்பெழுதிய இப்னு ருஷ்தும் (1126-1198) மார்க்கத்துக்குப் புறம்பானவரல்லர். ஸ்பெயினில் காழியாக இருந்து தீர்ப்பு வழங்கியவர். என் தனிப்பட்ட எண்ணம், அந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்பதுதான்.

நான் புறப்படும்வரை நண்பர் முடிவெதுவும் கூறவில்லை. தமது பழைய ஈசாகூஜிப் பிரதி எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று மனைவியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.