ஆயுதச் சட்டமும் மக்கள் மனமும்

மாணவர்களே! குளத்தூர்க் கரிசற் சீமையாருக்குப் பாஞ்சாலங்குறிச்சி தொலைவன்று. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்றார். 1801-இல் மீண்டும் மூண்ட போரும் அடக்கப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், தென்பாண்டி மக்கள் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தார்.

1878-இல், லிட்டன் பிரபு காலத்தில், ஆயுதச் சட்டம் நாடெங்கும் வந்தது. இந்தியர் உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு! இவ்வோரவஞ்சனையே மக்களைச் சினங்கொள்ளச் செய்தது. ஆதலால் 1931-இல் கராச்சிக் காங்கிரஸ், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருத்தலைக் குடிமக்கள் உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது.

விடுதலைக்குப் பின்னர் எண்ணம் மாறிற்று. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்கக் கோரினார், அம்பேத்கர் மறுத்தார், சபையும் ஏற்கவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமத்தை வற்புறுத்திற்று. 2019-இல் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் பொதுவாக மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பெற்றன. எனினும் பழைய சீற்றம் எழவில்லை.

காரணம் யாது? முன்னைய சட்டம் அயலார் இயற்றியது. ஆளுக்கொரு நீதி கூறியது. பின்னையது நம் பிரதிநிதிகள் இயற்றியது, நிறம் பார்க்கவில்லை. எச்சட்டத்தைக் கற்கும்போதும் இவ்விரண்டையும் கேளுங்கள்: இயற்றியவர் யார்? எல்லார்க்கும் அது ஒன்றா?