வெனிஸ் நகரின் மீது வெடிபலூன்கள்

ஆளில்லா வானூர்தியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் 1849-இல் ஆஸ்திரியப் படை முற்றுகையிட்ட வெனிஸிலிருந்தே தொடங்குகின்றனர். உப்பங்கழி சூழ்ந்த அந்நகரைக் கரைப் பீரங்கிகள் எளிதில் எட்டாததால், பிரான்ஸ் உகாட்டியஸ் என்னும் பீரங்கிப்படை அதிகாரி வெப்பக் காற்று நிரப்பிய பலூன்களில் குண்டுகளைத் தொங்கவிட்டு, காற்றின் போக்கைக் கணித்து, திரியை, அதாவது மெல்ல எரிந்து குண்டை விடுவிக்கும் கயிற்றை, பறக்கும் நேரத்துக்கேற்ப அளந்து பொருத்தும் முறையை வகுத்தார். கணக்கு நுட்பமானதுதான், காற்று அதற்குக் கட்டுப்படவில்லை. சில பலூன்கள் ஏவியவர் பக்கமே திரும்பின. நகரில் நேர்ந்த சேதமோ அற்பம். ஏவியபின் கைமீறிப்போகும் இந்த இடர், வானொலி அலைகளால் இயங்கும் இன்றைய ட்ரோன்களில், அலைகளைக் குலைத்து ஊர்தியை வழிதவறச் செய்யும் எதிரியின் உத்தியாக உருமாறியிருக்கிறது. வெனிஸ் அவ்வாண்டு ஆகஸ்டில் பணிந்ததற்குப் பசியும் காலராவும் பீரங்கித் தாக்குதலுமே காரணம், பலூன்கள் அல்ல.