மூன்றாவது காஞ்சி

காஞ்சிபுரம் என்றால் நமக்குப் பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் இரண்டும்தான். சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி என்றும் சொல்வோம். மூன்றாவதாக ஒரு ஜின காஞ்சியும் உண்டு. வேகவதி ஆற்றைத் தாண்டினால் வரும் திருப்பருத்திக்குன்றம்தான் அது. பட்டுக்குப் பேர்போன நகரத்தின் ஓரத்தில், பருத்தியைப் பெயரில் வைத்திருக்கும் சமணக் கிராமம்!

ஊர் சிறியது, வயது பெரியது. 6-ஆம் நூற்றாண்டில் பல்லவன் சிம்மவர்மன் இங்கிருந்த வச்சிரநந்தி முனிவருக்கு அமண்சேர்க்கை என்ற ஊரையே தானமாகக் கொடுத்ததைப் பள்ளன்கோவில் செப்பேடு சொல்கிறது. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர், தம் குரு புஷ்பசேனர் சொற்படி 1387-இல் கட்டினார்.

மண்டபத்தின் விதானத்தில் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகள் வரிசையாக ஓவியங்களாக உள்ளன. சமண மரபில் கண்ணன் நேமிநாதருக்கு உறவினர். அதனால் கண்ணன் கதையும் அங்கே உண்டு. வரதராஜர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் அது தெரிந்த கதைதான்.

பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததன் மேல் புதிதாகத் தீட்டினால் அது வேறு ஓவியம். இருப்பது இருக்கும்போதே பேரப்பிள்ளைகளை அழைத்துப் போய், ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.