ருயா: கவிதையைப் பாடிய குழு

பால்டிக் கடலின் கீழைக்கரையில், பின்லாந்துக்கு நேர் தெற்கே அமைந்த சிறுநாடு எஸ்தோனியா. அந்நாட்டு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரே. அம்மக்கள் தம்மை ஓர் இனமாக உணரத் தொடங்கிய வரலாறு ஒரு பாட்டு விழாவோடு பிணைந்தது. பண்ணையடிமை முறை ஒழிந்த ஐம்பதாம் ஆண்டை நினைவுகூர 1869இல் தார்த்து நகரில் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. அதில் பாடப்பெற்ற எஸ்தோனியப் பாடல்களுள் இரண்டு, லிடியா கொய்துலா என்னும் இருபத்தைந்து வயதுப் பெண் எழுதிய கவிதைகள். கவிஞர் எழுத, மக்கள் திரள் பாடுவது என்னும் மரபு அன்றே அங்கு வேரூன்றிவிட்டது.

அம்மரபு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்று சேர்ந்த இடம் எதிர்பாராதது. அது மின்கிதாரும் முரசும் ஒலிக்கும் ராக் இசை மேடை. 1971ஆம் ஆண்டு தாலின் நகரில் ‘ருயா’ என்னும் இசைக்குழு தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் ரெயின் ரன்னப். முறையாகப் பியானோ பயின்றவர். குழுவின் குரலாக விளங்கியவர் உர்மஸ் அலெண்டர். இருவரும் 1953இல் பிறந்தவர்கள். சோவியத் ஆட்சிக்குள் பிறந்து வளர்ந்த அத்தலைமுறை, தன் நாடு விடுதலை பெற்றிருந்த காலத்தைப் பெற்றோர் சொல்லக் கேட்டதேயன்றிக் கண்டதில்லை.

தாலினுக்கும் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் இடையே எண்பது கிலோமீட்டர் கடல்தான். அக்கரைத் தொலைக்காட்சியும் வானொலியும் இக்கரை வீடுகளில் எட்டின. மொழியும் உறவுமொழி. ஆதலின் மாஸ்கோவிலும் கீவிலும் இருந்த இளைஞர்களைவிட எஸ்தோனிய இளைஞர்கள் மேலைநாட்டு இசையை எளிதிற் கேட்டனர். ருயாவின் தொடக்கக்கால இசையில் பீட்டில்ஸ், யெஸ், கிங் கிரிம்சன் முதலிய பிரித்தானியக் குழுக்களின் சாயல் தெளிவாகவே உண்டு. அக்குழுவை வெறும் போலி என்று ஒதுக்க முடியாமற் செய்தது இசையன்று, சொல்லே.

சொல்லைப் பற்றி இங்குச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். எஸ்தோனிய மொழியில் நாட்டுச் சொற்கள் பெரும்பாலும் முதலசையில் அழுத்தம் பெறுவன. ஒலிகள் குறுமை, நெடுமை, மிகுநெடுமை என மூன்று அளவுகளில் ஒலிக்கும். தமிழ் யாப்பறிந்தோர்க்குக் குறிலும் நெடிலும் அளபெடையும் நினைவுக்கு வரும். எனினும் அங்கே அளபெடை செய்யுளின் ஓசை நிறைக்க வருவதன்று. அன்றாடப் பேச்சிலேயே பொருளை வேறுபடுத்துவது அது. அம்மக்களின் பழைய நாட்டுப்பாடல்களில் அடிதோறும் மோனை போன்ற ஒலியியைபு பயிலும். ஒரு கருத்தை மறு அடி வேறு சொற்களால் திரும்பக் கூறும். அடியிறுதி இயைபு கட்டாயமன்று. இத்தகைய மொழியை ஆங்கிலப் பாடலுக்கென அமைந்த மெட்டில் அப்படியே அடைத்தால் அளவு பிறழும். அளவு பிறழ்ந்தால் பொருளும் பிறழும். தம் மொழியிலேயே ராக் இசை பாடுவதென ருயா எடுத்த முடிவு, மொழிப்பற்று என்பதற்கும் மேலாக, கடினமான யாப்புச் சிக்கல் ஒன்றை வலிந்து ஏற்றுக்கொண்டதாகும். அதற்கு அவர்கள் கண்ட விடை எளியது: நல்ல கவிஞரிடம் செல்வது. மொழியின் அளவுகளைக் கவிஞன் முன்னரே காதால் எடைபோட்டு வைத்திருக்கிறான் அல்லவா?

அக்கவிஞருள் தலையாயவர் யுஹான் வீடிங். 1948இல் பிறந்தவர், தந்தை பால் வீடிங்கும் கவிஞர். நாடக நடிகராகத் தொழில் செய்த யுஹான், தொடக்கத்தில் ‘யூரி யூடி’ என்னும் புனைபெயரில் எழுதினார். ‘யூடி’ என்றால் எலும்பின் உள்ளீடான மச்சை. அவர்தம் முதற்கவிதைகள் நூல்வடிவம் பெற்றதும் ருயா தோன்றிய அதே 1971ஆம் ஆண்டில்தான். 1978இல் ‘நான் யூரி யூடியாக இருந்தேன்’ என்னும் தலைப்பில் ஒரு தொகுப்பை வெளியிட்டு அப்பெயரைத் துறந்தார். விளையாட்டுப் போலத் தோன்றும் அடி, பழமொழியைத் திருகிவிட்ட ஒரு தொடர், சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சில் தைக்கும் துயர் என்பன அவர் கவிதையின் இயல்புகள். நேர்ப்பொருளை மட்டும் படிக்கும் தணிக்கையாளர்க்கு அத்தகைய கவிதையில் பிடிகொடுப்பது எது? குழந்தைப் பாடல்களுக்கும் பெயர்பெற்ற ஓட் ஆர்டர் என்னும் கவிஞரும் குழுவுக்குப் பாடல் தந்தார். அலெண்டரும் தாமே எழுதினார்.

மறைந்த கவிஞர்களையும் அவர்கள் விடவில்லை. எர்ன்ஸ்ட் என்னோ (1875–1934) குறியீட்டு நெறியைச் சார்ந்த, அமைதி நாடிய கவிஞர். அனைத்தும் எவ்வளவு அமைதியாகிவிட்டன என்னும் பொருள்படும் அவர் கவிதை ஒன்றுக்கு ரன்னப் மெட்டமைத்தார். என்னோ எழுதியபோது அது உள்ளொடுங்கிய ஒரு மனத்தின் அமைதி. வாய் திறக்க அஞ்சிய ஒரு நாட்டில், அலெண்டரின் குரலில் அது ஒலித்தபோது, அமைதி என்னும் சொல்லே வேறொன்றைச் சுட்டத் தொடங்கிற்று. கவிதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, காலம் மாறியிருந்தது. கொய்துலாவின் ‘எஸ்தோனிய மண்ணும் எஸ்தோனிய நெஞ்சமும்’ என்னும் கவிதையும் இவ்வாறே ராக் பாடலாயிற்று. நூறாண்டு கடந்த கவிதை. அவரோ நாடறிந்த பழம்புலவர். தடைசெய்வதற்கு யார் முன்வருவர்? அச்சில் வந்த கவிதை ஏற்கெனவே தணிக்கையைக் கடந்தது என்பதும் குழுவுக்கு ஒரு கவசமாக அமைந்தது எனக் கருத இடமுண்டு.

ஆயினும் கவசம் எப்போதும் காக்கவில்லை. சோவியத் ஒன்றியத்தில் தொழில்முறைக் குழுக்கள் அரசு இசை நிறுவனங்களின் கீழ் இயங்க வேண்டும். பாடல் வரிகள் ஒப்புதல் பெற வேண்டும். இசைத்தட்டு வெளியிடும் உரிமை ‘மெலோதியா’ என்னும் ஒரே அரசு நிறுவனத்துக்கு உரியது. ருயாவின் முதல் முழுநீள இசைத்தட்டு 1982இல்தான் வந்தது. குழு தோன்றிப் பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதுவரை அவர்களைக் கேட்க விரும்பியோர்க்கு மேடையும் வானொலியும் ஓரிரு சிறுதட்டுகளுமே துணை.

1980ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று அன்றைய சூழலை விளக்கும். அலெண்டர் ‘ப்ரொப்பெல்லர்’ என்னும் மற்றொரு குழுவிலும் பாடினார். பங்க் இசையைச் சார்ந்த அக்குழு, செப்டம்பர் 22 அன்று தாலினின் காட்ரியோர்க் விளையாட்டரங்கில் ஒரு கால்பந்தாட்டத்தை ஒட்டிப் பாட வந்தது. அதிகாரிகள் நிகழ்ச்சியை இடையில் நிறுத்தினர். இளைஞர்கள் கொதித்தெழுந்தனர். அடுத்து வந்த நாள்களில் பள்ளி மாணவர்களும் தெருவில் இறங்கினர். காவலர் அவர்களை அடித்து விரட்டினர். குழு தடைசெய்யப்பட்டது. அக்டோபர் 28 நாளிட்டு நாற்பது அறிஞர்கள் கையொப்பமிட்ட திறந்த மடல் ஒன்று செய்தித்தாள்களுக்கு அனுப்பப்பெற்றது. இளைஞர் ஒடுக்கப்பட்டதையும், தாய்மொழி தன் மண்ணிலேயே இடம் இழந்து வருவதையும் அது சுட்டியது. ஒரு செய்தித்தாளும் அதனை வெளியிடவில்லை. கையொப்பமிட்டோர் விசாரணைக்கு ஆளாயினர். சிலர் வேலை இழந்தனர். அந்நாற்பதின்மரில் கவிஞர்கள் யான் கப்லின்ஸ்கி, பால்-ஈரிக் ரும்மோ ஆகியோரோடு யுஹான் வீடிங்கும் ஒருவர். பாடகனுக்கு நேர்ந்ததைத் தமக்கு நேர்ந்ததாகக் கவிஞர்கள் கொண்டனர் என்பது இங்கு எண்ணத் தக்கது.

ருயாவின் பிற்காலத்தைச் சுருங்கக் கூறலாம். ரன்னப் இடையில் விலகியதும் மீண்டதும் உண்டு. எண்பதுகளின் முற்பகுதியில் அவர் மீண்டும் விலகியபின் கிதார் கலைஞர் யானுஸ் நொகிஸ்டோ குழுவை வழிநடத்தினார். ஓசை கடினமாயிற்று. 1987இல் ‘கல் உருள்கிறது’ என்னும் இசைத்தட்டு வந்தது. நேர்த்தியானது எனினும், தொடக்ககால ருயாவின் மென்மையைத் தேடுவோர்க்கு அதில் ஏமாற்றமே மிஞ்சும்.

1988இல் குழு கலைந்தது. அவ்வாண்டு எஸ்தோனியா முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. மே மாதம் தார்த்துவில் ஆலோ மத்தீசன் என்னும் இளம் இசையமைப்பாளர், பழைய நாட்டுப்பற்றுப் பாடல்களின் அடிகளை ராக் இசையில் புதுக்கி அளித்தார். ஜூன் இரவுகளில் தாலின் பாட்டுத் திடலில் மக்கள் விடிய விடியப் பாடினர். செப்டம்பர் 11 அன்று திரண்டோர் மூன்று இலட்சத்துக்குக் குறையார் என்பர். ‘பாடும் புரட்சி’ என்னும் பெயர் அவ்வாண்டே தோன்றியது. பழங்கவிதையை மின்கிதாரோடு இணைக்கும் வழியை முன்னரே நடந்து காட்டியது ருயா. ஆனால் வெளிப்படச் சொல்லும் காலம் வந்தபோது, குறிப்பாற் சொல்லும் கலையில் வல்ல அக்குழு மேடையில் இல்லை. மத்தீசனின் பாடல்கள் திடலுக்கு உரியவை. ஆயிரம் குரல்கள் சேர்ந்தால் சிறப்பவை. ருயாவின் பாடல்களோ இருட்டறையில் ஒருவர் தனித்துக் கேட்கும்போதே முழுப்பொருள் தருவன.

அலெண்டர் 1989இல் சுவீடனில் குடியேறினார். 1991 ஆகஸ்டு 20 அன்று நாடு விடுதலையை மீட்டது. 1994 செப்டம்பர் 28 நள்ளிரவுக்குப் பின், தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் சென்றுகொண்டிருந்த ‘எஸ்தோனியா’ என்னும் பயணக்கப்பல் புயலில் மூழ்கியது. 989 பேரில் 852 பேர் மாண்டனர். மாண்டோருள் அலெண்டரும் ஒருவர். நாற்பத்தொன்று நிறைய இரு திங்கள்கூட இல்லை. ஐந்து மாதம் முடிவதற்குள், 1995 பிப்ரவரி 21 அன்று, யுஹான் வீடிங் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார், அகவை நாற்பத்தாறு.

இசைத்தட்டாக வெளிவராது கிடந்த பதிவுகள் பலவும் சேர்ந்த பெருந்தொகுதி 1999இல் வெளியிடப்பெற்றது. ‘அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை’ என்பது அதன் தலைப்பு. 2008இல் குழுவின் வரலாறே ஒரு ராக் இசை நாடகமாக மேடையேறியது. அலெண்டரின் வேடத்தை இளம் நடிகர் ஒருவர் ஏற்றார். பாடல்கள் மட்டும் பழையவை.