வீழும் மழைத்துளி: ஓர் அறிவியற் கருத்தின் சமூக வரலாறு

1931 இல் இலண்டனில் நடைபெற்ற அறிவியல் வரலாற்று மாநாட்டிலே சோவியத்து அறிஞர் பொரிஸ் ஹெசன், நியூற்றனின் இயக்கவியலை அக்காலச் சமூகப் பொருளாதாரத் தேவைகளோடு இணைத்து விளக்கினார். அந்நோக்கு பெரும் கோட்பாடுகளுக்கு மட்டும் உரியதன்று. முகிலிலிருந்து விழும் மழைத்துளி, வழியிலே ஆவியாகித் தன் சமதானி அமைப்பை மாற்றிக்கொள்கின்றது என்ற சிறியதோர் உண்மையின் வரலாற்றிலும் அதனை நாம் பரீட்சித்துப் பார்க்கலாம்.

நீர் ஒரேதன்மைத்தான பொருளன்று என்பது தெளிவானது அண்மைக் காலத்திலேயே. ஒட்சிசன் 18 என்னும் சமதானி 1929 இலும், பார ஐதரசனாகிய தூத்தேரியம் 1931 இன் இறுதியில் ஹரல்ட் யூரே குழுவினராலும் இனங்காணப்பட்டன. பார நீர் நோர்வேயில், பசளை உற்பத்திக்கு ஐதரசன் வழங்கிய நீர்மின் ஆலையிலே கைத்தொழில் அளவிற் பெறப்பட்டது. பத்தாண்டு கழியுமுன் அது அணுவாயுத ஆய்வின் போர்க்காலப் பொருளாயிற்று.

மழையின் பக்கம் பார்வை திரும்பியது போருக்குப் பின்னரே. 1952 ஜூனில் வில்லி டான்ஸ்கார்ட் கோப்பன்கேகனில் பீயர்ப் போத்தலிற் புனல் பொருத்தி மழைநீர் சேகரித்தார். ஒரே மழைத்தொடரிலும் ஒட்சிசன் 18 இன் அளவு மாறுபடுவதைக் கண்டார். எளிய போத்தலுக்குப் பின்னால் விலைமிகுந்த திணிவு நிறமாலைமானி நின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

உலகளாவிய தரவுகளோ வேறொரு வழியில் வந்தன. வளிமண்டல ஐதரசன் குண்டுச் சோதனைகள் மழையிலே திரித்தியத்தைப் பெருக்கின. அதனைக் கண்காணிக்கச் சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக வானிலையியல் அமைப்பும் 1958 இல் முன்னெடுத்த மழைநீர் வலையமைப்பு 1961 முதல் இயங்கியது. அதே 1961 இல் ஹாமன் கிரெய்க், தூத்தேரியத்துக்கும் ஒட்சிசன் 18 க்குமான தொடர்பை 8 என்னும் சாய்வுடைய நேர்கோடாக வகுத்தார்.

அக்கோட்டிலிருந்து விலகும் மழைகளே நமது பொருள். முகிலின் கீழுள்ள வளி வறண்டிருப்பின், பாரங்குறைந்த மூலக்கூறுகள் துளியிலிருந்து விரைந்து வெளியேறும். எஞ்சும் நீர் பாரச் சமதானிகளிற் செறிவுறும். இவ்விலகலில் இரு சமதானிகளின் செறிவும் 8 என்ற விகிதத்துக்குக் குறைவாகவே ஒன்றையொன்று தொடர்கின்றது. சிறுதுளி, மென்தூறல், வறள்காற்று ஆகியவற்றில் விளைவு மிகும். கனமழையில் வளி ஈரப்பதன் நிறைந்து ஆவியாதல் தளரும். துளி சூழலின் நீராவியோடு மூலக்கூறுகளைப் பரிமாறவும் செய்கின்றது. டான்ஸ்கார்ட் 1964 இல் இவற்றைத் தொகுத்து விளக்கினார். ஸ்ருவேட் 1975 இல் ஆவியாகும் துளிகளை ஆய்வுகூடத்தில் அளந்து அவ்விளக்கத்துக்கு உறுதியான அடித்தளம் அமைத்தார்.

இங்கு எச்சரிக்கையொன்று அவசியம். குண்டுச் சோதனையின் நிழலில் தரவு திரண்டது என்பதால், சாய்வு 8 என்பது ஏகாதிபத்தியத்தின் விதியாகிவிடாது. எக்கேள்வி எழுப்பப்படுகின்றது, எக்கருவிக்குப் பணம் கிடைக்கின்றது என்பவற்றைச் சமூகம் நிர்ணயிக்கின்றது. விடையை இயற்கையே தருகின்றது. இவ்விரண்டையும் குழப்புவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும்.

ஆயினும் பயன் யாருக்கு என்ற வினா எஞ்சுகின்றது. வறள்நிலங்களில் நிலத்தடி நீரின் தோற்றுவாயைச் சமதானிகளாற் கணிக்கின்றனர். துளி வீழ்கையில் நேர்ந்த மாற்றத்தைக் கருதாவிடின், மழை நேரே ஊறிய நீரையும் குளத்தில் ஆவியாகிப் பின் ஊறிய நீரையும் பிரித்தறிதல் தவறிவிடும். கிணற்றை நம்பிய உழவனே அத்தவற்றின் விலையைச் செலுத்துவான். அழிவாயுதத்தைக் கண்காணிக்கப் பிறந்த அறிவை உழைப்போரின் நீர்த்தேவைக்கு உரித்தாக்குவதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் பணியாகும்.